ஆபரேஷனுக்கு முன் ஆகாரம்!

பஞ்சாலையில் தராசு இருக்கிறது. உள்ளே வரும் பஞ்சுப் பேலும் வெளியே போகும் நூல் மூட்டையும் அதில் ஏறி இறங்காமல் வாசலைத் தாண்ட முடியாது. நெற்களத்திலும் தராசு இருக்கிறது. மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்தாலும் கணக்குக் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பஞ்சை நூலாக்கும் மில் தொழிலாளியும், அந்த நெல்லை விளைவிக்கும் விவசாயத் தொழிலாளியும் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும்போது, "ஆறு மாதத்தில் உன் உடம்பில் எத்தனை கிலோ குறைந்தது?" என்று கேட்பார் உண்டா?

பெரும்பாலும் இல்லை. ரத்தம் எடுக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கிறார்கள், காகிதத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வாங்குகிறார்கள். இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கத்தி படப்போகிற அந்த உடம்புக்குக் காயத்தை ஆற்றிக்கொள்ளும் வலு இருக்கிறதா, அல்லது பல மாதமாக அரை வயிற்றோடு கிடந்து வந்திருக்கிறதா என்ற கேள்வி பல இடங்களில் எழுவதே இல்லை.

ஆபரேஷனில் பிழைப்பதும் சாவதும் டாக்டரின் கையில் மட்டும் இருக்கிறது என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். "விதி" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. ஆபரேஷனுக்கு முந்திய வாரங்களில் நோயாளியின் தட்டில் என்ன இருந்தது என்பதும் அவன் உயிரை நிர்ணயிக்கிறது. வைத்திய விஞ்ஞானம் இதை நிரூபித்துத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஆயினும் ஏழை நோயாளியின் சீட்டில் இந்த உண்மை இன்னும் ஏறவில்லை. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

1936-ல் போட்ட கணக்கு

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்பது அந்நாளில் இரும்பாலைகள் நிறைந்திருந்த நகரம். அங்கே ஹிராம் ஸ்டட்லி என்ற ரணசிகிச்சை டாக்டர், வயிற்றுப் புண்ணுக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 1936-ல் வெளியிட்டார். யார் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள், ஏன்? வயதைப் பார்த்தார், நெஞ்சையும் நுரையீரலையும் பார்த்தார், எந்த வகை ஆபரேஷன் என்று பார்த்தார். எல்லாவற்றையும்விட ஒரு விஷயம் துலக்கமாக நின்றது. அது ஆபரேஷனுக்கு முன் நோயாளி இழந்திருந்த எடை.

தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இழந்தவர்களில் 100-க்கு 3.5 பேர் வீதம் இறந்தார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவர்களிலோ 100-க்கு 33 பேர் வீதம் இறந்தார்கள். நோய் ஒன்றே. ஆனால் மெலிந்தவனுக்குச் சாவு ஏறக்குறைய பத்து மடங்கு!

ஸ்டட்லி பார்த்தது சில பத்து நோயாளிகளைத்தான். அந்த ஒரு கணக்கோடு யாரும் நின்றுவிடவில்லை. வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமிதான் என்பதற்கு 1980-களில் ஆஸ்திரேலிய டாக்டர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வழி காட்டிய பிறகு, அந்த நோய்க்குக் கத்தி வைப்பதே அரிதாகிவிட்டது. மாத்திரையே போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஸ்டட்லி கண்ட உண்மை மாறவில்லை.

1999-ல் அமெரிக்காவின் பழைய படைவீரர் ஆஸ்பத்திரிகளில் நடந்த 54,000-க்கும் அதிகமான ஆபரேஷன்களின் கணக்கு வெளிவந்தது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் ஒன்று ஓடுகிறது. அது நிறைந்திருந்தவர்களில் இறந்தவர் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. மிகவும் வற்றியிருந்தவர்களில் 100-க்கு 29 பேர். ஆல்புமின் குறைவதற்குப் பசி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. நோயின் உக்கிரமும் அதைக் குறைக்கும். ஆனாலும் அது வற்றிய உடம்பு அபாயத்தில் இருக்கும் உடம்பு என்பதில் சந்தேகமில்லை.

2023-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி 75 நாடுகளைத் தழுவியது. இரைப்பையிலும் பெருங்குடலிலும் புற்றுநோய் கண்டு ஆபரேஷன் செய்துகொண்ட 5,700-க்கும் அதிகமானவர்களை அதில் கவனித்தார்கள். மூவரில் ஒருவருக்குக் கடுமையான சத்துக்குறைவு இருந்தது. ஏழை நாடுகளையும், இந்தியா சேர்க்கப்பட்டிருக்கும் கீழ்நடுத்தர வருமான நாடுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 60 பேருக்கு மேல் அப்படி இருந்தார்கள். இந்நாடுகளில் ஆபரேஷனுக்குப் பின் ஒரு மாதத்துக்குள் நேர்ந்த சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இந்தச் சத்துக்குறைவே பொறுப்பு என்று மதிப்பிட்டார்கள்.

மூன்றில் ஒரு பங்கு! வாசகர்கள் இதை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். அவர்கள் நோயால் மட்டும் சாகவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே பசி அவர்களைப் பாதி தின்றிருந்தது.

உடம்பு தன்னையே தின்கிறது

இது எப்படி நேர்கிறது? மர்மம் ஒன்றும் இல்லை.

1930-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டேவிட் கத்பர்ட்ஸன் என்ற விஞ்ஞானி, எலும்பு முறிந்து வந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தார். முறிந்தது கால் எலும்பு ஒன்றுதான். ஆனால் உடம்பு முழுவதிலும் உள்ள சதை கரைந்து சிறுநீரோடு போய்க்கொண்டிருந்தது. பெருங்காயம் பட்ட உடம்பு, அந்தக் காயத்தை ஆற்றத் தன் சதையைத் தானே உடைத்துச் செலவழிக்கிறது. ஆபரேஷனும் ஒரு காயம்தான். டாக்டர் நல்லெண்ணத்தோடு செய்த காயம்.

வீட்டில் நெல் இருந்தால் விருந்தாளி வந்தாலும் சமாளிக்கலாம். குதிர் காலியானால் விதைநெல்லில் கை வைக்க வேண்டியதுதான். உடம்பும் அப்படித்தான். சதை நிறைந்தவன் இந்தச் செலவைத் தாங்குகிறான். சதை வற்றியவனுக்கு விதைநெல்லே செலவாகிறது.

அடுத்தடுத்த இரண்டு கட்டில்களை நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் குடலில் ஒரே ஆபரேஷன். முதல் கட்டிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு வந்தவர். இரண்டாவது கட்டிலில் நான்கு மாதமாகக் கஞ்சித் தண்ணீரில் காலம் தள்ளியவர். வெட்டிச் சேர்த்த குடல் ஒட்டவேண்டுமானால் புதுத் தசைநார் முளைக்க வேண்டும். அதற்குப் புரதம் வேண்டும். நெல்லிக்காய், கொய்யாவில் உள்ள 'சி' வைட்டமின் வேண்டும். இரண்டாமவரிடம் அந்தச் சரக்கு இல்லை. தையல் பிரிகிறது, சீழ் வைக்கிறது. கிருமியோடு போராடும் அணுக்களை உண்டாக்கவும் புரதமே வேண்டும், அதுவும் இல்லை. மூச்சு விடுவதும் சதையின் வேலைதான். அந்தச் சதை மெலிந்துவிட்டதால் சளியை இருமித் துப்பப் பலமில்லை; நுரையீரலில் நிமோனியா இறங்குகிறது. எழுந்து நடக்கத் தெம்பில்லை. முதுகில் படுக்கைப் புண் வருகிறது. முதலாமவர் வீட்டுக்குப் போன பிறகும் இவர் கட்டிலிலேயே கிடக்கிறார்.

அதோடு முடிகிறதா? அவர் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒரு கூலி குறைவு. துணைக்கு வந்த மனைவியின் கூலியும் குறைவு. வட்டிக்கு வாங்கிய பணம் வளர்கிறது. வீட்டில் உலை சுருங்குகிறது. பசியால் நோய் நீடிக்கிறது. நோயால் பசி வளர்கிறது. இந்தச் செக்கைச் சுற்றுவது யார்? நாம்தான்.

பசி எங்கிருந்து வருகிறது?

"நோயாளி மெலிவது நோயால்தானே?" என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. புற்றுநோய் கண்டவனுக்குப் பசி எடுக்காது. குடல் அடைபட்டவனுக்குச் சாப்பிட்டது தங்காது. ஆனால் நோய் வந்து உரிக்கும்போது உரிப்பதற்கு உடம்பில் என்ன இருந்தது என்பதும் கேள்வி.

சர்க்கார் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பையே பாருங்கள். 2019-21 கணக்கின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 100-க்கு 53 பேர். நாற்று நடும் பெண்ணும் நூல் சுற்றும் பெண்ணும் இந்தக் கணக்கில் அடக்கம். இவர்கள்தான் பிரசவத்தில் வயிற்றைக் கிழிக்கவும், கர்ப்பப்பையை எடுக்கவும் மேஜையில் படுக்கிறார்கள். ரத்தசோகை லேசாக இருந்தாலும்கூட ஆபரேஷனுக்குப் பின் சிக்கலும் சாவும் அதிகமாகின்றன என்பதை, 2 லட்சத்து 27 ஆயிரம் நோயாளிகளைக் கொண்டு 2011-ல் வெளியான ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது.

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. இது ஜனங்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பருப்பு? கார்டுக்கு மாதம் 1 கிலோ. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு. அதில் புரதம் 2 கிராம்கூட இல்லை. ஆபரேஷனுக்குத் தயாராகும் நோயாளிக்கோ ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம்! ரேஷன் பருப்பு எந்த மூலைக்கு?

இன்னொன்றையும் கவனியுங்கள். விவசாயத் தொழிலாளிகளில் பலர் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டு, வேலையில்லாத மாதத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் கூலியை விட்டுப் போக முடியுமா? ஆனால் வேலையில்லாத மாதம்தான் அடுப்பு சரியாக எரியாத மாதம். உடம்பு மிகவும் இளைத்திருக்கும் வேளை பார்த்துக் கத்திக்குக் கழுத்தை நீட்டுகிறோம். இது அவர்களுடைய அறியாமை அல்ல, கூலியின் நிர்ப்பந்தம்.

குளுக்கோஸ் பாட்டில் சோறாகுமா?

"தெம்பில்லை டாக்டர், ரெண்டு பாட்டில் ஏற்றுங்க" என்று கேட்பது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரிகளிலும் மகிழ்ச்சியோடு ஏற்றிப் பில் போடுகிறார்கள். அந்த அரை லிட்டர் பாட்டிலில் என்ன இருக்கிறது? சாதாரணமான 5 சத குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. மீதி தண்ணீர். புரதம் துளியும் இல்லை. இரண்டு இட்லி கொடுக்கும் வலுவுக்கு மேல் அது கொடுக்காது. உடம்பில் நீர் வற்றியவனுக்கு அது உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் சத்து வற்றியவனுக்கு அது சோறாகாது.

அப்படியானால் விலையுயர்ந்த சத்துக் கரைசல்களை நேரே நரம்பில் ஏற்றலாமே? அதையும் பரீட்சித்துப் பார்த்தார்கள். அமெரிக்கப் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் 395 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 1991-ல் வெளிவந்தது. கடுமையாக மெலிந்தவர்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. லேசாக மெலிந்தவர்களுக்குக் கிருமித் தொல்லைதான் அதிகமாயிற்று. ஆகவே வாயால் சாப்பிட முடிகிறவனுக்கு வாய் வழி ஆகாரமே முதல் மருந்து. அது முடியாதபோதுதான் குழாயும் ஊசியும். கம்பெனிகளின் டப்பா மாவைக் கண்டும் மயங்க வேண்டாம். டாக்டர் அவசியமென்று எழுதினால் அதை ஆஸ்பத்திரிதான் கொடுக்க வேண்டும். சாப்பிட முடிகிறவனுக்கு இரண்டு முட்டை, 100 கிராம் பருப்பு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, அரை லிட்டர் பால், வழக்கமான சோறு—இவற்றிலேயே அந்த 60, 70 கிராம் புரதம் வந்துவிடுகிறது. இவை எல்லாம் நம் ஊரில் விளைபவை, விளைவிப்பவர்களும் நாமே. நம் தட்டுக்குத்தான் வந்து சேர்வதில்லை.

காத்திருக்கலாமா?

"ஆபரேஷன் என்றால் உடனே செய்ய வேண்டாமா? தின்று தேறும்வரை நோய் சும்மா இருக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

குடல் ஓட்டையானால், குடலிறக்கம் இறுகிக்கொண்டால், விபத்தில் ரத்தம் கொட்டினால், பிரசவம் தடைப்பட்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அங்கே கத்திதான் முதலில், ஆகாரம் பின்னால். சிறிய ஆபரேஷன்களுக்கும், உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கும் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பெரிய ஆபரேஷன், அதற்கு நாள் குறிக்க அவகாசமும் இருக்கிறது, நோயாளியோ மிகவும் மெலிந்திருக்கிறார் என்றால்? ஐரோப்பிய நிபுணர்களின் வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: 7 முதல் 14 நாள் வரை சத்துணவு கொடுத்துத் தேற்றிவிட்டுப் பிறகு கத்தி வையுங்கள். புற்றுநோயாக இருந்தாலும் இந்த விதி பொருந்தும் என்கிறது.

மிகவும் மெலிந்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குக் கோடி ரூபாய் மெஷின் வேண்டாம். ஒரு தராசு போதும். ஆறு மாதத்துக்குள் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் 45 கிலோவுக்கு வந்தால், அது அபாய அறிவிப்பு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 47 கிலோவுக்கும் கீழே இருந்தால் அதுவும் அபாய அறிவிப்பு. பருமனாக இருப்பவரும் தப்பவில்லை. மளமளவென்று எடை குறைந்தால் அவருக்கும் அதே அபாயம்தான். கொழுப்பு மிஞ்சியிருக்கும், சதை கரைந்திருக்கும்.

இந்த வேலையை வீட்டில் உள்ளவர்கள் தலையில் கட்டிவிடவும் முடியாது. பல நாள் பட்டினி கிடந்தவனுக்குத் திடீரென்று விருந்து போட்டால் ரத்தத்தில் உள்ள சில உப்புக்கள் சடாரென்று இறங்கி நெஞ்சே நின்றுவிடக்கூடும். 1945-ல் யுத்தம் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் இப்படி இறந்ததை உலகம் கண்டது. சிறுநீரகம் பழுதானவருக்கு ஒரு கணக்கு. சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்னொரு கணக்கு. எனவே கொஞ்சம் கொஞ்சமாக, டாக்டரின் கண்பார்வையில், அளந்து கொடுக்க வேண்டும். இது தான தர்மம் அல்ல, சிகிச்சை.

பட்டினிக்கு மேல் பட்டினி

சத்தில்லாமல் வந்தவனை ஆஸ்பத்திரியிலும் பட்டினி போடும் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. "ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது" என்பார்கள். மறுநாள் நடுப்பகல் வரை காத்திருப்பான். "இன்று லிஸ்டில் இடமில்லை, நாளைக்கு" என்று பதில் வரும். இரவு மறுபடியும் அதே பட்டினி.

மயக்க மருந்து கொடுக்குமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது உண்மை. வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. ஆனால் இன்றைய விதி என்ன? கட்டியான ஆகாரத்தை 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும். தெளிந்த தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்வரை பெரும்பாலோர் குடிக்கலாம். ஆபரேஷனுக்குப் பின்னும் நாட்கணக்கில் வாயைக் கட்டவேண்டிய தேவை பல ஆபரேஷன்களில் இல்லை. ஒரு நாளுக்குள்ளேயே ஆகாரம் தொடங்கலாம். டென்மார்க் டாக்டர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் ஆரம்பித்து வைத்த இந்த வழி இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. நோயாளி சீக்கிரம் எழுந்து வீட்டுக்குப் போகிறான்.

ஆனால் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் திருட்டுத்தனமாகத் தண்ணீரோ காப்பியோ குடிக்கக் கூடாது. டாக்டர் சொன்ன நேரத்தைக் கடைப்பிடியுங்கள். ஆனால், "எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம், ஐயா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சர்க்கார் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நியாயம்

நாம் கேட்பது புதுமையான கோரிக்கை அல்ல. பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதை ஒப்புக்கொண்டுதான் 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வந்தது. 1982-ல் அது சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் வந்தது. காசநோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, ஆகாரமும் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டுதான் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பர் முதல் அதை 1,000 ஆக்கினார்கள். அந்த ஆகாரம் வீண்போகவில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்ததில், அவர்களுக்கு அந்நோய் வருவது ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்தது என்று 2023-ல் கண்டார்கள்.

படிக்கும் பிள்ளைக்கு ஆகாரம் வேண்டும். காசநோயாளிக்கு ஆகாரம் வேண்டும். வயிற்றைக் கிழித்துத் தைக்கப் போகிறவனுக்கு மட்டும் வேண்டாமா?

இன்ஷ்யூரன்ஸ் திட்டத்தைப் பாருங்கள். மத்திய சர்க்கார் 2018-ல் கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 3 நாள் வரையும், வெளியே வந்தபின் 15 நாள் வரையும் சோதனைக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு அதில் அடங்கும். முன்னால் வேண்டியது 7 முதல் 14 நாள் ஆகாரம். கிடைப்பது 3 நாள் மருந்து! கத்திக்கு லட்சம் ரூபாய் உண்டு. கத்தியைத் தாங்கும் உடம்புக்கு முட்டை வாங்கப் பத்து ரூபாய் இல்லை. தையல் பிரிந்தால் மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் மருந்து, மறுபடியும் கட்டில். அந்தச் செலவையும் இரண்டு வார ஆகாரச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். சிக்கனம் எது, ஊதாரித்தனம் எது என்பது விளங்கிவிடும்.

மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. நோயில் கிடக்கும் நாளுக்கு 70 சதவிகிதக் கூலி, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் "ஆபரேஷனுக்கு முன் தேறுவதற்காக இரண்டு வாரம் ஓய்வு" என்று எத்தனை பேருக்குச் சான்று எழுதப்படுகிறது? ஆபரேஷனுக்கு முந்திய இரவு வரை ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? விவசாயத் தொழிலாளிக்கோ அந்த ஈ.எஸ்.ஐ.யும் இல்லை.

நமது கோரிக்கைகள்

சர்க்காரையும் ஆஸ்பத்திரி நிர்வாகங்களையும் நாம் கேட்பவை இவை:

1. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் அன்றே ஒவ்வொரு நோயாளியின் எடையும் உயரமும் பார்க்கப்பட வேண்டும். எடை குறைந்ததா, ஆகாரம் குறைந்ததா என்று கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். ரத்தசோகை இருக்கிறதா என்று அப்போதே சோதித்து, அதற்கான சிகிச்சையை வாரங்களுக்கு முன்னரே துவக்க வேண்டும்.

2. மெலிந்த நோயாளிக்குப் பெரிய ஆபரேஷன் என்றால், காத்திருக்க முடிகிற இடத்தில், 7 முதல் 14 நாள் சத்துணவு சர்க்கார் செலவில் கொடுக்க வேண்டும். வார்டில் இடமிருந்தால் வார்டில். இல்லையேல் முட்டை, பருப்பு, கடலை, எண்ணெய், பால் அடங்கிய பொட்டலமாக வீட்டுக்கு.

3. இன்ஷ்யூரன்ஸ் திட்டங்களில் இந்த நாட்களின் ஆகாரச் செலவைச் சேர்க்க வேண்டும்.

4. இந்த நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு நோய்க்கால உதவியும், காண்டிராக்ட் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் கூலிக்கு ஈடான உதவித்தொகையும் வேண்டும். வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்கத் தான் மட்டும் முட்டை தின்னும் தாய் நம் நாட்டில் இல்லை. குடும்பத்துக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

5. தாலுகா ஆஸ்பத்திரி வரை ஆகார நிபுணர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். ஆபரேஷன் தள்ளிப்போனால் நோயாளிக்கு உடனே ஆகாரம் கொடுக்கும் விதி அமலுக்கு வர வேண்டும்.

டாக்டர்களும் நர்சுகளும் இதில் நமக்கு எதிரிகள் அல்லர். ஒருவர் செய்ய வேண்டிய வேலையை மூன்று மடங்கு சுமந்து நிற்பவர்கள் அவர்கள். தாம் நன்றாகத் தைத்த தையல் பிரிவதைக் கண்டு வருந்துகிறவர்களும் அவர்களே. இந்தக் கோரிக்கை அவர்களுடைய கோரிக்கையும் ஆகும்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யும்வரை கை கட்டி நிற்கலாகாது. வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று தெரிந்த உடனே எடை பாருங்கள், குறித்து வையுங்கள். தராசு கிடைக்காவிட்டால் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுகிறதா, ரவிக்கை தொளதொளக்கிறதா, வளையல் முழங்கைக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். "நாலு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்று சொல்வது அவமானம் அல்ல. அதைச் சொல்லாமல் மேஜையில் படுப்பதுதான் ஆபத்து.

ஆபரேஷன் என்றதும் "முட்டை சூடு, பருப்பு வாயு, மீன் சீழ்" என்று பத்தியம் வைத்து நோயாளியை மேலும் பட்டினி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் விலக்கியதை மட்டும் விலக்குங்கள். பீடியையும் சாராயத்தையும் விலக்குங்கள். அவை புண்ணை ஆறவிடாது.

மில்லிலும் கிராமத்திலும் உள்ள சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆபரேஷனுக்குப் போகிறவர் யார் என்று தெரிந்து, அவர் வீட்டுக்கு இரண்டு வாரம் முட்டையும் பருப்பும் போய்ச் சேரும்படி செய்யலாம். அவர் விட்டுப்போகும் வேலையை முறை வைத்துப் பார்க்கலாம். ரத்தம் கொடுக்கலாம். 2021 முதல் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம், "அம்மா, எடையையும் பார்த்து எழுதிவிட்டுப் போங்கள்" என்று ஊரே சேர்ந்து கேட்கலாம்.

பஞ்சுப் பேலுக்குத் தராசு உண்டு. நெல் மூட்டைக்குத் தராசு உண்டு. அவற்றை உண்டாக்கும் மனிதனின் உடம்பு அவற்றைவிட மலிவானதல்ல. ஆபரேஷன் மேஜைக்குப் போகும் வழியில் ஒரு தராசையும் அதை அடுத்து ஒரு சாப்பாட்டுத் தட்டையும் வையுங்கள் என்று கேட்கிறோம். பிழைக்கக்கூடிய உழைப்பாளி பசியினால் சாகக் கூடாது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குக் குறைவாக ஏற்கவும் மாட்டோம்.